பழம் கேட்ட கசுவாரி

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசின. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் குறைவு. கிழக்குக் கடல்களையெல்லாம் தாண்டி ஒரு தீவு இருந்தது. வெயில் தரையைத் தொடமுடியாத அளவுக்கு மரங்கள் அடர்ந்த காடு அது. மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் காட்டில் கசுவாரி என்ற பெரும்பறவைகள் வாழ்ந்தன. இன்றைய கசுவாரியைப் பார்த்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆள் உயரம், தலையில் எலும்புக் கொண்டை, நீலக் கழுத்து, மயிராகத் தொங்கும் கறுப்பு இறகு, உள்விரலில் கத்தி மாதிரி ஒரு நகம். சிறகு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தாறு மொட்டைக் குச்சிகள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குச்சிகள் அன்று சிறகாக இருந்தன. கசுவாரி தலைக்கு மேலே போனால் கீழே இருக்கும் ஓடையே ஒரு நொடி இருண்டுவிடும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பெரிய சிறகுதான்.

கசுவாரிகளில் பெண் பெரியது, ஆண் சிறியது. குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அடைகாப்பதில் மட்டும் இருவருக்கும் சம பங்கு. ஒருவர் முட்டைமேல் உட்கார்ந்தால் மற்றவர் இரை தேடிப் பறப்பார். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆள் மாறும். அப்படி மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் அலகில் ஒரு நீலப்பழம் கொண்டுவந்து கூட்டின் விளிம்பில் வைக்கவேண்டும். உட்கார்ந்திருப்பவர் அதைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும். இதற்குப் பழமாற்று என்று பெயர். யார் தொடங்கினார்கள், எதற்காகத் தொடங்கினார்கள் என்பது எவருக்கும் நினைவில்லை. பழம் வைக்காமல் ஆள் மாறினால் முட்டை பொரியாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். காரணம் மறந்துபோன வழக்கத்தைத்தான் எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காட்டில் வேரன் என்று ஓர் ஆண் கசுவாரி இருந்தான். அவன் துணை முகிலி. அவள் நன்றாகப் பறப்பாள், நன்றாகச் சிரிப்பாள். அவன் இரண்டிலும் கொஞ்சம் மட்டு. பறந்து போனாலும் பாதியிலேயே கூட்டுக்குத் திரும்பிவிடுவான். போகும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் கூடு இருக்கும். இருந்தாலும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தால்தான் அவனுக்கு மனம் ஆறும்.

முதல் வருஷம் முகிலி ஐந்து முட்டை இட்டாள். இலைப்பச்சை நிறத்தில், வழவழவென்று ஐந்து. ஒருநாள் முறை மாறும் நேரத்தில் அவள் வெறும் அலகோடு வந்து நின்றாள்.

"வழியில பசி எடுத்துச்சு மச்சான், நானே தின்னுட்டேன். நீ எந்திரி, அடுத்த தடவை ரெண்டா வைக்கிறேன்" என்று சிரித்தாள்.

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்விட்டான். அந்த வாரமே ஓடை பெருகி, கூட்டுக்கு அடியில் தண்ணீர் ஊறியது. நாள் கடந்தது, முட்டை பொரியவில்லை. ஐந்தும் கூமுட்டை. முகிலி ஒவ்வொன்றாக அலகால் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்ச முட்டை, என்ன பண்றது" என்று அழுதாள். வேரன் அழவில்லை. அவனுக்குத் தண்ணீர் கண்ணில் படவே இல்லை. தான் பழம் தின்னாமல் எழுந்த அந்த ஒரு நாள்தான் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. அதை அவன் அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டு முடித்திருப்பார்கள். மனசுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டான்.

மறுவருஷம் முகிலி நான்கு முட்டை இட்டாள். கூட்டை மேட்டில், ஒரு பெரிய மரத்தின் வேர்மடிப்பில் அமைத்தார்கள். அந்த மரத்துக் கிளையில் ஊஞ்சலான் என்ற கிழட்டுப் பழவௌவால் பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும். தூங்குகிறது என்று பெயர். காது மட்டும் தூங்காது.

இந்த முறை வேரன் ஒரு பழமாற்றையும் தவறவிடவில்லை. பழம் கொஞ்சம் நசுங்கியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். காம்பு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பான்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்க மாட்டான்" என்று முகிலி கேலி செய்தாள். ஆனாலும் நல்ல பழமாகப் பார்த்துத்தான் கொண்டுவந்தாள். அவன் பயம் அவளுக்குத் தெரியும்.

நாற்பது நாள் இப்படியே போனது. பச்சை ஓட்டில் காதை வைத்தால் உள்ளே அசைவு கேட்டது. இன்னும் பத்தே நாள்.

நாற்பத்தோராம் நாளிலிருந்தே காடு ஒருமாதிரியாக இருந்தது. தவளைகள் வாயை மூடிக்கொண்டன. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறின. கடல் எங்கோ தூரத்தில் இருந்தும், காற்றில் உப்பு வாடை வந்தது. வேரன் முட்டைமேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் முடிந்து மூன்றாம் நாள் ஆகியும் முகிலி வரவில்லை. நான்காம் நாள் நண்பகலில்தான் வந்தாள். இறகெல்லாம் கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். அலகு காலி.

"எந்திரி மச்சான். பெருங்காத்து வருது. நான் பெரியவ, என் உடம்பு முட்டையை முழுசா மூடும். நீ போய் வேருக்குள்ள ஒண்டிக்கோ."

"பழம் எங்கே புள்ள?"

"எல்லாத்தையும் காத்து உதுத்திருச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு இல்ல. மலைக்கு அந்தாண்ட ஒரு மரத்துல ரெண்டு மூணு தொங்குது. அங்க போய்த் திரும்பறதுக்குள்ள காத்து வந்துரும்னு ஓடியாந்துட்டேன். எந்திரி, பேச நேரமில்ல."

வேரனுக்கு நாலு நாள் பசி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கவேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் அவன் கண்முன் ஐந்து கூமுட்டைகள் வரிசையாக வந்து நின்றன.

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"பழம் இல்லாம எந்திரிக்க மாட்டேன். போன வருஷம் எந்திரிச்சேன். என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்."

முகிலி அவனையே பார்த்தாள். ஒரு வருஷமாக அவன் பூட்டிவைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஐந்து முட்டையும் அழுகியது என்னால்தான் என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் அடைகாத்த அதே கூட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கொண்டுவந்த பழத்தைத் தின்றுகொண்டு, இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அப்ப நான்தான் கொன்னேன்கிறியா?"

வேரன் முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பஞ்சம் வந்ததோ, தெரியவில்லை.

கிளையிலிருந்து ஊஞ்சலான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தது. "தம்பி, எந்திரிச்சுத் தொலையேன்பா. அந்தப் புள்ள நிக்கிற நெலையைப் பாரு."

"நீங்க சும்மா இருங்கண்ணே. இது எங்க வழக்கம்."

முகிலி ஓரடி கிட்டே வந்தாள். குனிந்து, அவன் வயிற்றுக்கு அடியில் தெரிந்த ஒரு முட்டையின் பச்சை ஓரத்தை அலகால் ஒருதரம் தொட்டாள். பிறகு சிறகை விரித்து மலைப்பக்கம் பறந்தாள். அவன் தடுக்கவில்லை. பழத்தோடு சீக்கிரம் வந்துவிடுவாள், அவள் பறக்கும் வேகத்துக்கு இதெல்லாம் ஒரு தூரமா என்று நினைத்தான். அவளைப்போல் பறக்க யாரால் முடியும் என்று அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

அவள் மலையுச்சியைத் தாண்டியிருப்பாள், காற்று வந்துவிட்டது.

அந்தக் காற்றைப் பற்றி மரங்களைத்தான் கேட்கவேண்டும். அவற்றில் பாதி பதில் சொல்ல இல்லை. நட்டநடுப் பகலில் காடு இருண்டது. நூறு வருஷத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் வந்து அறைந்தது. கூட்டில் போட்டிருந்த சருகும் இலையும் ஒரே இழுப்பில் பறந்துபோயின. வேரன் சின்ன உடம்புக்காரன். எப்படிப் புரண்டு படுத்தாலும் ஏதாவது ஒரு முட்டை வெளியே நனைந்தது. முகிலி சொன்னது சரிதான், அவள் உடம்பு நான்கையும் மூடியிருக்கும்.

சுற்றுமுற்றும் பார்த்தான். எடுத்துப் போர்த்த ஒன்றும் இல்லை. சிறகைத் திருப்பி, முதல் இறகை அலகால் கவ்வினான். நடுத்தண்டு வரவில்லை, அதிலிருந்த இழைகள் மட்டும் உரிந்து வந்தன. அதை முட்டைக்கு அண்டையில் செருகினான். அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றாக உரித்து, நான்கு முட்டையையும் சுற்றிச் செருகி, அதன்மேல் படுத்துக்கொண்டான். வலித்தது. வலிக்கிறதே என்று அவன் கத்தவில்லை, முகிலி என்றுதான் கத்தினான். காற்றுச் சத்தத்தில் அது அவன் காதுக்கே கேட்கவில்லை.

காற்று ஓய்ந்தபோது அவன் சிறகில் மொட்டைத் தண்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. முட்டைகள் கதகதப்பாக இருந்தன.

ஊஞ்சலான் தப்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து, மிஞ்சியிருந்த ஒற்றைக் கிளையில் வந்து தொங்கியது.

"அண்ணே, அவளைப் பாத்தீங்களா?"

"மலைக்கு அந்தாண்ட போனேன் தம்பி. மரமே இல்லப்பா."

வேரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வௌவாலுக்கு அவன்மேல் கோபம்தான். ஆனால் அந்த மொட்டைச் சிறகைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை. மெதுவாகக் கேட்டது.

"அந்தப் பழம் எதுக்கு வைக்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"முட்டை பொரியறதுக்கு."

"முட்டையா பழம் திங்குது? பசியோட உக்காந்தவன் சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தி முட்டைமேலேயே விழுந்துருவான். தெம்பா எந்திரிக்கட்டும்னு வைக்கிற பழம்பா அது. எத்தனை வருஷமா உங்க ஆளுங்க தலைக்குமேல தொங்கிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"சும்மா இருங்கன்னு சொன்னியே தம்பி" என்றது வௌவால்.

வேரன் உட்கார்ந்திருந்தான். பழம் வைக்க யாரும் வரவில்லை. ஆகவே எழுந்திருக்கவும் இல்லை. தின்னவில்லை, இறகில் வழிந்த மழைத்தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டான். ஐம்பதாவது நாள் காலையில் முதல் முட்டையில் விரிசல் விட்டது. மாலைக்குள் நான்கும் பொரிந்துவிட்டன. பழுப்பு உடம்பில் வெளிர்க் கோடு போட்ட நான்கு குஞ்சுகள் அவன் காலுக்கடியில் தள்ளாடி நின்றன.

கடைசிப் பத்து நாளும் ஒரு பழம்கூட வைக்காத கூட்டில் நான்கும் பொரிந்தன. வேரன் அந்தக் குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று குஞ்சுகள் நினைத்துக்கொண்டன.

அவற்றைக் கூட்டிக்கொண்டு தரையில் நடந்தான். பறக்கத்தான் வழியில்லையே. விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தான். பாம்போ உடும்போ வந்தால் எகிறி உதைத்தான். அந்தக் கத்தி நகத்துக்கு அதுவரை பெரிதாக வேலை இருந்ததில்லை. தினமும் மலைப்பக்கம் திரும்பி முகிலியைக் கூப்பிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டைத்தோல் சிவந்து, தொங்கிப்போனது. குரல் இறங்கி இறங்கி, காதுக்குக் கேட்கிற எல்லையையும் தாண்டி அடியில் போய்விட்டது. தரைதான் அதிர்ந்தது. அந்த அதிர்வு மண் வழியாக மலையேறிப் போகும், அவள் எங்கே விழுந்து கிடந்தாலும் காலில் படும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

குஞ்சுகளுக்கு ஒரு மாதம் ஆனபோது, ஒருநாள் காலையில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. சிறகு இல்லை. வழவழப்பான பழைய இறகு ஒன்றுகூட இல்லாமல், பிய்ந்த மயிராகத் தொங்கியது. மண்டையில் பட்ட அடி ஆறி, எலும்பு மேடாக எழும்பியிருந்தது. குஞ்சுகள் கீச்சிட்டு அவன் பின்னால் ஓடின. வேரன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கழுத்தை நீட்டிச் சீறிப் பாய்ந்து, காலை ஓங்கி உதைத்தான். நகம் அந்த உருவத்தின் மார்பைக் கீறியது.

அது திருப்பி உதைக்கவில்லை. அலகில் எதையோ கவ்வியிருந்ததால் வாயையும் திறக்கவில்லை. தள்ளாடி நடந்து, வேர்மடிப்பில் பழைய கூடு இருந்த இடத்துக்குப் போய், விளிம்பு இருந்த இடம் பார்த்துக் குனிந்து வைத்தது.

நீலப்பழம். சதை வற்றி, தோல் கொட்டையோடு ஒட்டிப்போன ஒரு நீலப்பழம்.

"பழம் கேட்டியே மச்சான்" என்றாள் முகிலி. குரல் உடைந்துபோயிருந்தது. "காத்து என்னைக் கடற்கரையில கொண்டு போட்டிருச்சு. சிறகு போச்சு, பறிச்ச பழத்தை மட்டும் விடல. நடந்தும் ஆத்துல நீந்தியுமா வந்தேன், அதான் நேரமாயிருச்சு."

வேரன் அந்தப் பழத்தையும் அவள் மார்பில் வழிந்த ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். "நீதான் எந்திரிச்சிட்டியே."

"அம்மாடா" என்று வேரன் குஞ்சுகளை முன்னால் தள்ளினான். "பயப்படாதீங்க, உங்க அம்மா." அவை நடுங்கிக்கொண்டு அவன் காலைச் சுற்றிச் சுற்றி ஒளிந்தன. மார்பில் ரத்தம் வழிய நிற்கும் அந்தப் பெரிய உருவத்தை அம்மா என்று எந்தக் குஞ்சுதான் நம்பும்?

"விடு. வற்புறுத்தாத" என்றாள் முகிலி. "ஓட்டுக்குள்ள இருந்தப்ப அதுங்க கேட்ட குரல் இது இல்ல."

"தப்பு என்மேலதான் புள்ள. அந்த அஞ்சு முட்டையும் உன்னால இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா மச்சான். அன்னைக்குச் சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்தாள். வேரன் இரண்டு எட்டு ஓடினான். குஞ்சுகள் கீச்சிட்டன. விட்டுவிட்டு ஓடினால் எந்தப் புதரில் எந்த உடும்பு காத்திருக்குமோ! நின்றுவிட்டான். ஓடியிருந்தால் அவளைப் பிடித்திருக்கலாம். அவள் மெதுவாகத்தான் நடந்தாள்.

அந்தப் பழத்தைக் கடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே முழுசாக விழுங்கினான். அது முழுசாகவே அவன் உடம்பைக் கடந்து தரையில் விழுந்து, முளைவிட்டது. காற்று மொட்டையடித்துப் போட்ட அந்தக் காட்டில் முதலில் தழைத்தது அந்த மரம்தான். பிறகு அவன் எந்தப் பழத்தையும் கடித்துத் தின்னவில்லை. அவன் நடந்த வழியெல்லாம் மரம் முளைத்தது.

குஞ்சுகள் வளர்ந்து, உடம்புக் கோடு மறைந்து தனித்தனியே போன பிறகு, மறுவருஷம் முகிலி வந்தாள். வேரன் புதுக் கூடு போட்டு வைத்திருந்தான். சில நாள் அவனோடு நடந்தாள், அவன் காட்டிய பழங்களைத் தின்றாள். இனி போகமாட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் கூட்டில் மூன்று முட்டை இட்டாள். பச்சை ஓட்டை அலகால் ஒருதரம் தொட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"உக்காரு மச்சான்."

அவன் உட்கார்ந்தான். "எப்ப வருவ புள்ள?"

"உன்னை எந்திரின்னு சொல்ல இனி நான் வரமாட்டேன். நீயா எப்ப எந்திரிக்கணுமோ அப்ப எந்திரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் பின்னால் போகவில்லை. முட்டைகள் அதற்குள் அவன் வயிற்றுச் சூட்டுக்குப் பழகியிருந்தன.

அன்று முதல்தான் பெண் கசுவாரி முட்டையிட்டதும் திரும்பிப் பாராமல் காட்டுக்குள் போய்விடுகிறது. ஆண் கசுவாரி மொட்டைச் சிறகோடு ஐம்பது நாளும் பட்டினியாக முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, கூட்டின் விளிம்பில் பழம் வைக்க யாரும் வராததால்.